மூணு ரகம் பல்பு மாத்தியும் ரோடு தெரியாத கார்: ஒரு ஹெட்லைட் கேஸ்

வண்டி பதினஞ்சு வருஷத்தைத் தாண்டின சின்ன ஹேட்ச்பேக். எச்4 பல்பு, அதாவது ஒரே பல்புக்குள்ள லோ பீமுக்கு ஒரு இழை ஹை பீமுக்கு ஒரு இழை, ரிஃப்ளெக்டர் டைப் டோம் (ஹெட்லைட்டோட முழுக் கூடு), முன்னாடி பிளாஸ்டிக் லென்ஸ். கம்ப்ளெயின்ட் எல்லாரும் சொல்றதுதான், தெருவிளக்கு இல்லாத ரோட்டுல லோ பீம் போட்டா வண்டி மூக்குக்கு முன்னாடி கொஞ்ச தூரம் வெளிச்சம், அதுக்கப்புறம் கும்மிருட்டு, எதிர்ல ஒரு வண்டி வந்தா அந்தக் கொஞ்சமும் போயிடும். ஓட்டறவர் எனக்கு அண்ணன் முறை, ஐம்பது வயசைத் தாண்டினவர், ராத்திரி ஓட்டறதைத் தவிர்க்க முடியாத வேலை.

என்கிட்ட வர்றதுக்குள்ளயே பல்பு மூணு ரகம் மாறியாச்சு. முதல்ல கம்பெனி பல்பை எடுத்துட்டு அதே 60/55 வாட்ல புதுசு போட்டார், பெருசா வித்தியாசம் தெரியல. அப்புறம் யாரோ சொன்னாங்கன்னு 100/90 வாட் போட்டார், கொஞ்ச நாள் பிரமாதமா இருந்துச்சாம், ஒரு நாள் பிளாஸ்டிக் தீயற வாசம் வந்து பானெட்டைத் தூக்கிப் பார்த்தா இடது பக்க கப்ளர், அதாவது பல்புல சொருகற வயர் கனெக்டர், பழுப்பேறி இளகிப்போயிருக்கு. மூணாவதா எல்இடி. டப்பா மேல இருபதாயிரம் லூமன்னு போட்டிருந்துச்சு, லூமன்னா பல்பு விடற மொத்த வெளிச்சத்தோட அளவு. அதைப் போட்ட பிறகு வண்டிக்கு முன்னாடி தரையில பாலைக் கொட்டின மாதிரி வெளிச்சம், எதிர்ல வர்றவங்க வரிசையா ஹை பீம் அடிச்சுத் திட்டிட்டுப் போறாங்க, தூரம் மட்டும் முன்னாடி இருந்ததைவிட மோசம். "தம்பி, இதைவிட பவரா ஏதாவது பல்பு இருந்தா சொல்லுடா"ன்னு கேட்டுதான் வந்தார்.

இந்த வண்டி கடைசியில நல்லா ஆயிடுச்சு, ஆனா அதுல பல்போட பங்கு ரொம்பக் கம்மி. அதனாலதான் இதை விலாவாரியா எழுதறேன்.

முதல்ல அந்த லூமன் கணக்கு

எச்4 பல்புக்கு உலகத்துல பெரும்பாலான நாடுகள் ஒத்துக்கிட்ட ஒரு அளவு இருக்கு, ஐநா ஒழுங்குமுறை 37. அதன்படி 13.2 வோல்ட்ல ஹை பீம் 1650 லூமன், லோ பீம் 1000 லூமன், ரெண்டுலயும் 15 சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அவ்வளவுதான். நல்ல நிலைமையில இருக்கற ஒரு எச்4 டோம் அந்த ஆயிரம் லூமனை வெச்சே 60 மீட்டர் வரைக்கும் ரோட்டைக் காட்டிடும், ஏன்னா வெளிச்சத்தைத் தூரத்துக்கு அனுப்பற வேலையைப் பண்றது ரிஃப்ளெக்டர். பல்பு வெறும் சரக்கு குடுக்கறது, அதை எங்க கொண்டுபோய்ப் போடணும்னு முடிவு பண்றது பின்னாடி இருக்கற அந்த வளைஞ்ச வெள்ளி நிறப் பூச்சு.

எச்4 உள்ள பார்த்தீங்கன்னா லோ பீம் இழைக்குக் கீழ ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும். இழையோட வெளிச்சம் கீழ்ப்பக்கம் போகாம அது மறைச்சிடும், அதனால லோ பீம்ல ரிஃப்ளெக்டரோட மேல்பாதி மட்டும்தான் வேலை செய்யுது, மேல்பாதியில பட்ட வெளிச்சம் கீழ்நோக்கி ரோட்டுல விழும். சுவத்துல அடிச்சுப் பார்த்தா தெரியற அந்தக் கூர்மையான கட்-ஆஃப் கோடு, அதுக்கு மேல இருட்டு கீழ வெளிச்சம், அது இந்தக் கிண்ணத்தோட வேலை. இழை மில்லிமீட்டர் கணக்குல ஒரே ஒரு இடத்துல இருக்கணும், அதோட வடிவம் மெல்லிசான உருளையா சுத்தி எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடணும், அதை நம்பித்தான் ரிஃப்ளெக்டரோட ஒவ்வொரு பட்டையும் செதுக்கியிருக்காங்க.

இப்ப எல்இடி பல்புல என்ன இருக்கு? ஒரு தட்டையான உலோகப் பலகை, அதோட ரெண்டு பக்கத்துலயும் சிப். வெளிச்சம் இடமும் வலமும் தாராளமாப் போகுது, பலகையோட விளிம்பு இருக்கற மேல்திசைக்குக் கம்மியாத்தான் போகுது. பலகைக்குன்னு ஒரு தடிமன் வேற இருக்கு, அதனால ரெண்டு பக்க சிப்பும் இழை இருக்க வேண்டிய நடு இடத்துல உட்காராம கொஞ்சம் தள்ளித்தான் உட்காரும். விளைவு, அண்ணன் வண்டில பார்த்ததேதான். மொத்த வெளிச்சம் கூடுது, அது போகவேண்டிய தூரப் புள்ளிக்குப் போகாம கிட்டத்துலயும் ஓரத்துலயும் கொட்டுது, கட்-ஆஃபுக்கு மேல சிதறினது எதிர்ல வர்றவன் கண்ணுல குத்துது.

இதுல இன்னொரு வினை இருக்கு. கிட்டத்துல தரை ரொம்ப வெளிச்சமா இருந்தா கண்ணு அந்த வெளிச்சத்துக்குப் பழகிடும், தூரத்துல மங்கலா இருக்கறதைப் பிடிக்கற திறன் குறையும். ஓட்டறவருக்கு மட்டும் "சூப்பரா அடிக்குது"ன்னு தோணும். பல்பு மாத்தின முதல் நாள் எல்லாரும் சந்தோஷப்படறது இதனாலதான், வீட்டு வாசல்ல நிறுத்தி ஆன் பண்ணிப் பார்க்கும்போது தெரியறது கிட்டத்து வெளிச்சம் மட்டுந்தானே.

எல்இடியே கூடாதுன்னு சொல்ல வரல. 2020ல ஜெர்மனில ஆஸ்ராம் கம்பெனியோட நைட் பிரேக்கர் எல்இடிக்கு ரோட்டுல ஓட்ட அனுமதி கிடைச்சுது, ஹாலஜன் டோம்ல போடற எல்இடிக்கு அங்க அந்த மாதிரி அனுமதி வந்தது அப்பதான். ஆனா அந்த அனுமதி எல்லா வண்டிக்கும் கிடையாது, இந்த மாடல்ல இந்த டோம்னு ஒரு லிஸ்ட் போட்டு, அந்த லிஸ்ட்ல இருந்தா மட்டும் செல்லும். ஏன்னா ஒவ்வொரு டோமுக்கும் தனித்தனியா சோதிச்சாத்தான் வெளிச்சம் சரியான இடத்துல விழுதான்னு தெரியும். லிஸ்ட் எதுவும் இல்லாம "எல்லா காருக்கும் பொருந்தும்"னு விக்கறது அந்தச் சோதனை நடக்காத சரக்குன்னு வெச்சுக்கலாம்.

ஹாலஜன் திரும்பப் போட்டு மீட்டர் வெச்சப்போ

எல்இடியைக் கழட்டி நல்ல பிராண்ட் சாதாரண 60/55 ஒரு ஜோடி போட்டுட்டு வேலையை ஆரம்பிச்சோம். உடனே மங்கல், வெளிச்சம் மஞ்சளா செம்பழுப்பா விழுது. அண்ணன் "பாத்தியா, இதுக்குத்தான் மாத்தினேன்"னார். அந்தச் செம்பழுப்புதான் எனக்கு வேண்டிய தடயம். ஹாலஜன் இழை சரியான வோல்ட்ல எரிஞ்சா அதோட வெளிச்ச நிறம் சுமாரா 3200 கெல்வின் கிட்ட இருக்கும், இளமஞ்சள் கலந்த வெள்ளை. செம்பழுப்பு அடிச்சா பெரும்பாலும் வோல்ட் பத்தலன்னு அர்த்தம்.

முன்னாடியே ஒரு எலக்ட்ரீசியன் பார்த்து "வயரிங் ஓகே, 12 வோல்ட்டுக்கு மேல வருது"ன்னு சொல்லி அனுப்பியிருக்கார். அவர் பார்த்தது கப்ளரைக் கழட்டி, உள்ள மீட்டர் குச்சியை வெச்சு. பல்பு இல்லாம கரண்ட் ஓடாது, கரண்ட் ஓடலன்னா எவ்வளவு கேவலமான வயர்லயும் முழு வோல்ட் காட்டும். பல்பு எரிஞ்சுக்கிட்டு இருக்கும்போது கப்ளரோட பின்பக்கமா குச்சியை நுழைச்சுப் பார்க்கணும், இன்ஜின் ஓடிக்கிட்டு இருக்கணும், அப்ப வர்ற நம்பர்தான் நம்பர்.

அப்படிப் பார்த்ததுல பேட்டரில 13.9 வோல்ட், அதாவது பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் ஆரோக்கியமா இருக்கு. வலது பல்புல 12.1. இடது பல்புல 11.5. இடது பக்கம் 2.4 வோல்ட் வழியில காணாமப் போயிருக்கு.

"ரெண்டு வோல்ட்தானே"ன்னு நினைக்கத் தோணும், ஆனா இழை பல்பு அப்படி நேர்விகிதத்துல குறையாது. வெளிச்சம் வோல்ட்டோட சுமாரா 3.4ஆம் அடுக்குல (பவர்ல) ஏறி இறங்கும். 13.2 வோல்ட்ல வர்றது நூறு சதவீதம்னா 12.1ல 74 சதவீதம்தான், 11.5ல 63 சதவீதம்தான். ஆயிரம் லூமன் பல்பு இடது பக்கம் வெறும் 630 லூமனாத்தான் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கம்பெனி பல்பை எடுத்துட்டுப் புதுசு போட்டும் வித்தியாசம் தெரியாததுக்கு இதுதான் காரணம்.

எல்இடி போட்டப்போ இந்தக் குறை ஏன் தெரியலன்னா, அதுக்குள்ள இருக்கற டிரைவர் சர்க்யூட் வோல்ட் கொஞ்சம் குறைஞ்சாலும் சிப்புக்கு ஒரே அளவு கரண்ட் குடுத்துடும். அழுகின வயரிங்கை அது மறைச்சு வெச்சுட்டு இருந்துச்சு.

அடுத்து அந்த 2.4 வோல்ட் எங்க போச்சுன்னு தேடினோம். மீட்டரோட ஒரு குச்சியை பேட்டரி பாசிட்டிவ்ல வெச்சு இன்னொன்னை பல்போட பாசிட்டிவ் பின்ல வெச்சா அந்த வழியில விழற நஷ்டம் நேரடியா மீட்டர்ல வரும். 1.4 வோல்ட். அதே மாதிரி பல்போட எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல 1.0 வோல்ட், வலது பக்கம் இதே எர்த்ல 0.4தான். பாசிட்டிவ் வழியில ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற காம்பினேஷன் சுவிட்ச் மட்டும் 0.6 வோல்ட்டை முழுங்குது, மிச்சம் மெல்லிசு வயரும் பச்சை பூத்த கப்ளர்களும். இந்த வண்டில ரிலே, அதாவது சின்ன கரண்ட்டை வெச்சு பெரிய கரண்ட்டை ஆன் பண்ற சுவிட்ச், கிடையாது, ரெண்டு பல்போட கரண்ட்டும் சேர்ந்து ஒன்பது ஆம்ப் கிட்ட அந்தச் சின்ன சுவிட்ச் வழியாத்தான் போயிட்டு வருது. கம்பெனில வெச்ச வயர் 0.75 சதுர மில்லிமீட்டர் மாதிரி இருந்தா ஒன்பது ஆம்ப்ல நாலு மீட்டர் நீளத்துக்கே 0.8 வோல்ட் விழும், வயர் புதுசா இருந்தாக்கூட.

100/90 போட்டப்போ கப்ளர் ஏன் இளகிச்சுன்னு இப்ப புரிஞ்சிருக்கும். வாட் கூடினா கரண்ட் கூடும், கரண்ட் கூடினா அதே வயர்ல நஷ்டமும் கூடும், கப்ளர்ல சூடு கரண்ட்டோட வர்க்கத்துல ஏறும். வயருக்குள்ள சூடா போற பவருக்கும் சேர்த்து ஆல்டர்னேட்டர் உழைக்குது, ரோட்டுக்கு வர்றது கம்மி. அங்கீகாரம் உள்ள எச்4ல 60/55க்கு மேல கிடையாது, 100/90 எல்லாம் பொது ரோட்டுக்கு இல்லாத சரக்கு, பெரும்பாலும் டப்பாவுலயே சின்ன எழுத்துல அப்படிப் போட்டிருப்பாங்க.

ரிலே

இடது எர்த் பாடில முடுக்கியிருந்த இடத்துல துரு. சுரண்டி, வெறும் உலோகம் தெரியற வரைக்கும் தேய்ச்சு, வயர் முனைக்குப் புது லக் (உலோக வளையம்) அடிச்சு முடுக்கினதுலயே இடது பக்கம் அரை வோல்ட்டுக்கு மேல திரும்ப வந்துச்சு. காசு செலவில்லாத வேலை. நிறைய வண்டிகளுக்கு இதோடயே முடிஞ்சிடும்.

இந்த வண்டிக்கு முடியல, அதனால ரிலே ஹார்னஸ், அதாவது ரிலேயும் அதுக்கான வயர் கட்டும், போட்டோம். லோ பீமுக்கு ஒரு ரிலே, ஹை பீமுக்கு ஒரு ரிலே. பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து ஃபியூஸ் வழியா ரிலேவோட 30ஆம் பின்னுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், 87ஆம் பின்லேர்ந்து பல்புக்கு அதே தடிமன். பழைய கப்ளர்லேர்ந்து வர்ற வயர் இப்ப ரிலேவோட காயிலை மட்டும் இழுக்குது, 85க்கும் 86க்கும் நடுவுல, அதுக்கு 0.2 ஆம்ப் கூட வேண்டாம், அதனால பழைய சுவிட்சுக்கும் ஆயுள் கூடும். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும், ஃபியூஸுக்கு முன்னாடி இருக்கற வயருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. நான் அதோட நிறுத்தாம ரிலேவுக்கு அப்புறம் இடது வலதுக்குத் தனித்தனி ஃபியூஸா பிரிச்சுட்டேன், ஒரு பக்கம் ஷார்ட் ஆனா ரெண்டு விளக்கும் ஒரே நேரத்துல போய் இருட்டுல நிக்க வேண்டாம். பல்பு ஹோல்டர் பிளாஸ்டிக்ல இல்லாம செராமிக்ல வாங்கினோம்.

ரெடிமேட் கிட் வாங்கறவங்க வயரோட வெளித்தடிமனைப் பார்த்து ஏமாறக்கூடாது. மேல ரப்பர் தடிமனா இருக்கும், வெட்டிப் பார்த்தா உள்ள நாலு இழை காப்பர், சிலதுல காப்பரே கிடையாது அலுமினியத்து மேல காப்பர் பூச்சு. இன்னொன்னு, நிறைய ஜப்பான் வண்டிகள்ல எச்4க்கு பாசிட்டிவ் எப்பவும் வந்துக்கிட்டே இருக்கும், சுவிட்ச் எர்த் பக்கம்தான் வேலை செய்யும். அதுக்குத் தகுந்த மாதிரி காயிலை இணைக்கலன்னா டேஷ்போர்டுல நீல லைட் எரியாது, இல்லன்னா லோவும் ஹையும் குழம்பும். முதல்ல டெஸ்ட் லேம்ப் வெச்சு எந்த ரகம்னு பார்த்துட்டு வாங்குங்க.

புது மாடல் வண்டிகள்ல இந்த வேலையே வேண்டாம். அதுல ஹெட்லைட்டுக்கு பவர் குடுக்கறது பாடி கண்ட்ரோல் மாட்யூல்ங்கற குட்டிக் கம்ப்யூட்டர், சிலது வோல்ட்டைக் கட்டுப்படுத்த கரண்ட்டை வேகமா வெட்டி வெட்டி அனுப்பும், நடுவுல ரிலே போட்டா அது பல் கடிக்கற சத்தம் போட ஆரம்பிச்சிடும், எரர் வேற வரும். பேட்டரி நெகட்டிவ்ல கரண்ட் சென்சார் இருக்கற வண்டில எர்த் வயரை பேட்டரி முனையில நேரா கட்டக்கூடாது, பாடிலதான் கட்டணும். பழைய வண்டிக்குச் சொல்ற வைத்தியத்தை எல்லாத்துக்கும் பண்ணக்கூடாது, மீட்டர் வெச்சுப் பார்த்து நஷ்டம் அரை வோல்ட்டுக்குள்ளதான்னா வயரிங்கைத் தொடவே வேண்டாம்.

ரிலே போட்டதும் ரெண்டு பல்புலயும் 13.5 வோல்ட். கணக்குப்படி இடது பல்பு அதே பல்புதான், முன்னாடி குடுத்ததைவிட 1.7 மடங்கு வெளிச்சம் குடுக்குது, வலது 1.45 மடங்கு. அண்ணன் சுவத்தைப் பார்த்துட்டு "பல்பு மாத்திட்டியா?"ன்னு கேட்டார். மாத்தல. இதுக்கு ஒரு விலை இருக்குன்னும் சொல்லிடறேன், பல்போட ஆயுள் வோல்ட்டோட ஏறக்குறைய 13ஆம் அடுக்குல தலைகீழா போகும், 13.2லேர்ந்து 13.5க்குப் போனாலே ஆயுள் கால்வாசி குறையும். நான் அதை ஏத்துக்கலாம்னு நினைக்கறேன்.

டோம்

லென்ஸ் மஞ்சளாகி பனி படிஞ்ச மாதிரி இருந்துச்சு. பாலிகார்பனேட் மேல கம்பெனில ஒரு யூவி பூச்சு குடுப்பாங்க, வருஷக்கணக்கா வெயில்ல அது செத்து உரிய ஆரம்பிச்சதும் பிளாஸ்டிக் மஞ்சளாகும். மஞ்சள் லென்ஸ் வெளிச்சத்தைக் குறைக்கறது ஒரு பக்கம், அதைச் சிதறடிக்கறது அதைவிட மோசம், தூரத்துக்குப் போகவேண்டியது மேல கிளம்பி எதிராளி கண்ணுக்குப் போகும்.

வலது லென்ஸை வாட்டர் பேப்பர் வெச்சு 800ல ஆரம்பிச்சு 1500, 2000, 3000னு தண்ணி விட்டுத் தேய்ச்சு பாலிஷ் போட்டு கடைசியா யூவி கிளியர் கோட் அடிச்சோம். அந்தக் கடைசி கோட்டை விட்டுட்டா சில மாசத்துலயே மஞ்சள் திரும்ப வந்துடும், சொல்லப்போனா முன்னாடியைவிட வேகமா வரும், ஏன்னா மிச்சமிருந்த கம்பெனிப் பூச்சையும் நாமளே தேய்ச்சு எடுத்தாச்சு. டூத்பேஸ்ட் வெச்சுத் தேய்க்கற வித்தை ஃபோட்டோ எடுக்கற வரைக்கும்தான் தாங்கும்.

இடது டோமுக்கு அது பத்தல. உள்ள ரிஃப்ளெக்டர்ல மேல்பக்கம், லோ பீம் இழைக்கு நேர் மேல, வெள்ளி நிறப் பூச்சு பழுப்பா வெந்துபோயிருக்கு, 100/90 வாட் பண்ணின வேலை. லோ பீம் நம்பி இருக்கறதே அந்த மேல்பாதியை மட்டுந்தான்னு மேல சொன்னேன், அது வெந்துட்டா எந்தப் பல்பு போட்டும் பிரயோஜனம் கிடையாது. ரிஃப்ளெக்டரைத் துணி வெச்சுத் துடைக்கலாம்னு யாரும் இறங்கிடாதீங்க, அந்த அலுமினியப் பூச்சு கைபட்டாலே கோடு விழும். இதே மாடல்ல கழட்டின ஒரிஜினல் டோம் ஒண்ணு கிடைச்சுது, ரிஃப்ளெக்டர் பளிச்சுன்னு இருந்துச்சு, அதைப் போட்டாச்சு. பழைய டோம் வாங்கறவங்க ரோட்டுல எந்தப் பக்கம் ஓட்டற நாட்டு டோம்னு பார்க்கணும். இடது பக்கம் ஓட்டற ஊர்ல கட்-ஆஃப் இடது ஓரத்துல மேல ஏறும், வலது பக்கம் ஓட்டற ஊர்ல வலது ஓரத்துல ஏறும், மாத்திப் போட்டா அந்த ஏத்தம் நேரா எதிர் வண்டி டிரைவர் முகத்துலதான் விழும்.

எய்ம்

எய்ம்னா ஹெட்லைட் எந்த உயரத்துக்கு அடிக்குதுங்கறது. என்னைக் கேட்டா தூரம் திரும்ப வந்ததுல வயரிங்குக்குச் சமமா பங்கு இதுக்குத்தான், ஆனா இதை யாரும் சீண்டறதே இல்ல.

சமதரையில சுவத்துலேர்ந்து டோம் வரைக்கும் 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டயர் காத்து சரியா வெச்சு, டிரைவர் சீட்ல ஒரு ஆளை உட்கார வெச்சுப் பார்த்தோம். டோமோட நடுப்புள்ளி தரையிலேர்ந்து 65 சென்டிமீட்டர். சுவத்துல கட்-ஆஃப் கோடு அந்த உயரத்தைவிட வலது பக்கம் 9 சென்டிமீட்டர் கீழ, இடது பக்கம் 14 சென்டிமீட்டர் கீழ. 5 மீட்டருக்கு 14 சென்டிமீட்டர்னா 2.8 சதவீதம் சரிவு, 65 சென்டிமீட்டர் உயரத்துலேர்ந்து அந்தச் சரிவுல கிளம்பற கோடு 23 மீட்டர்லயே தரையைத் தொட்டுடும். வலது 1.8 சதவீதம், 36 மீட்டர்ல தொடும். பல்புல சூரியனையே வெச்சாலும் லோ பீம் அதுக்கு மேல போகாது.

எப்படி இவ்வளவு இறங்குச்சு? எல்இடி போட்டு எல்லாரும் திட்டினதுனால யாரோ ஸ்க்ரூவைத் திருப்பி இறக்கிட்டாங்க, அது ஒண்ணு. டேஷ்போர்டுல 0லேர்ந்து 3 வரைக்கும் ஒரு குட்டிச் சக்கரம் இருக்குமே, பின்னாடி லோடு ஏத்தினா ஹெட்லைட்டைத் தாழ்த்தறதுக்கு, அது 2ல நின்னுட்டு இருந்துச்சு. 3ன்னா வெளிச்சம் கூடன்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. முன் சீட்ல மட்டும் ஆள் இருந்தா அது 0ல இருக்கணும். பின் சீட் நிறைய ஆளும் டிக்கி நிறைய சாமானும் இருந்தா மட்டும்தான் அந்த நம்பரை ஏத்தணும்.

எவ்வளவு சரிவு வேணும்கறதை கம்பெனியே எழுதி வெச்சிருக்கும், டோம் மேலயோ பக்கத்துல ஸ்டிக்கர்லயோ ஒரு விளக்குப் படத்தோட 1 சதவீதம், 1.2 சதவீதம்னு இருக்கும். தரையிலேர்ந்து 80 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கற ஹெட்லைட்டுக்கு ஐநா விதிப்படி 1லேர்ந்து 1.5 சதவீதத்துக்குள்ள. நம்ம வண்டில 1ன்னு போட்டிருந்துச்சு, சுவத்துல 5 சென்டிமீட்டர் கீழன்னு வெச்சோம். இப்ப கோடு தரையைத் தொடற இடம் 65 மீட்டர். டோம் கழட்டி மாட்டினா, சஸ்பென்ஷன் வேலை பார்த்தா, முன்னாடி இடிச்சு நேராக்கினா இந்த வேலையை மறுபடி பண்ணணும்.

இந்த நம்பர்களை பிரேக்கோட சேர்த்துப் பாருங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல ஒண்ணரை செகண்ட் சுதாரிக்கற நேரமும் காய்ஞ்ச ரோட்டுல நல்ல பிரேக்கும் வெச்சா நிக்கறதுக்கு சுமாரா 45 மீட்டர் ஆகும். 80ல 68 மீட்டர். 100ல 97 மீட்டர். அண்ணன் இவ்வளவு நாள் 23 மீட்டரும் 36 மீட்டரும் வெளிச்சத்தை வெச்சு 80ல போயிட்டு இருந்தார். இப்ப எல்லாம் சரி பண்ணின பிறகும் லோ பீம்ல 80ல போறதே தெரியாத இடத்துக்குள்ள போறதுதான், எந்தப் பல்பும் இந்தக் கணக்கை மாத்தாது, ஏன்னா லோ பீமை வேணும்னே தாழ்வா வெச்சிருக்காங்க. எதிர்ல யாரும் இல்லாதப்போ ஹை பீம் போட்டு, வண்டி வந்தா இறக்கி, போனதும் ஏத்திப் பழகணும். நிறைய பேர் ஒண்ணு எப்பவும் ஹை இல்லன்னா எப்பவும் லோ.

கடைசியா பல்பு

இவ்வளவும் முடிஞ்ச பிறகுதான் அண்ணனோட ஆசைக்கு ஒரு ஜோடி "130 சதவீதம் அதிகம்" ரகம் போட்டோம். இந்த ரகத்துக்கும் அதே 1000, 1650 லூமன் கட்டுப்பாடுதான், மொத்த வெளிச்சம் 130 சதவீதம் கூடாது. இழையை இன்னும் சின்னதா நெருக்கமா சுத்தி அதிகச் சூட்டுல எரிய விடறாங்க, அதனால ரிஃப்ளெக்டர் தூரப் புள்ளிக்கு அனுப்பற வெளிச்சம் கொஞ்சம் குவியும். அந்த 130ங்கறது ரோட்டுல குறிப்பிட்ட புள்ளிகள்ல, சட்டம் கேக்கற குறைஞ்சபட்சத்தோட ஒப்பிட்டுச் சொல்ற நம்பர். கண்ணுக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா? தெரிஞ்சுது, ரோட்டோர போர்டு கொஞ்சம் முன்னாடியே பளிச்சுனு வந்துச்சு. ரிலே போட்டப்போ வந்த மாற்றத்துக்குப் பக்கத்துல வெச்சா சின்னதுதான், ஆயுளும் சாதாரண பல்பைவிடக் குறைவு. அடுத்த தடவை சாதாரணதே போடலாம்னு சொல்லியிருக்கேன்.

நீலப்பூச்சு பல்பு வேண்டாம்னு முதல்லயே சொல்லிட்டேன். ஹாலஜன்ல 4200, 5000 கெல்வின்னு விக்கறது இழைக்கு மேல நீல வடிகட்டி போட்டது, வெள்ளையா தெரியறதுக்காக மஞ்சளையும் சிவப்பையும் வழியிலயே முழுங்குது. மஞ்சள் பூச்சும் வடிகட்டிதான், நீலம் அளவுக்கு முழுங்காது, அவ்வளவுதான். பிரான்ஸ்ல 1993 வரைக்கும் மஞ்சள் ஹெட்லைட்டே கட்டாயமா இருந்துச்சு, அப்புறம் அவங்களே விட்டுட்டாங்க. மழையில ரோடு தெரியலங்கறது வேற பிரச்சினை, ஈர ரோடு வெளிச்சத்தை முன்பக்கமா தெறிச்சு விட்டுடும், நம்ம பக்கம் திரும்ப வர்றதே கம்மி, அதுக்கு பல்புல மருந்து இல்ல.

பல்பு மாட்டும்போது கண்ணாடியை விரலால தொடாதீங்க. தொட்டுட்டா ஸ்பிரிட் வெச்சுத் துடைச்சுட்டு மாட்டுங்க, விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமா சூடாகி பல்போட குவார்ட்ஸ் கண்ணாடி அங்க பலவீனமாகும்.

கண்ணையும் கண்ணாடியையும் சொல்லாம விட்டா கேஸ் முழுசாகாது. விண்ட்ஷீல்டு உள்பக்கம் டேஷ்போர்டு பிளாஸ்டிக்லேர்ந்து கிளம்பற ஆவி எண்ணெய்ப் படலமா ஒட்டியிருக்கும், பகல்ல தெரியாது, ராத்திரி எதிர் வெளிச்சம் பட்டதும் முழுக்க வெள்ளையாயிடும். அண்ணன் வண்டில துடைச்ச துணி கறுப்பா வந்துச்சு. வயசு கணக்கும் இருக்கு, 60 வயசுல விழித்திரைக்குப் போய்ச் சேர்ற வெளிச்சம் 20 வயசுல போறதுல சுமாரா மூணுல ஒரு பங்குதான். பழைய மூக்குக்கண்ணாடி நம்பரை மாத்திட்டு வந்ததும் போர்டு எழுத்து இன்னும் கொஞ்சம் முன்னாடியே தெரியுதுன்னார்.

முன்னாடியும் பின்னாடியும் ஒரே சோதனையைப் பண்ணிப் பார்த்தோம், ஆளில்லாத நேர் ரோட்டுல கருப்புத் துணி சுத்தின அட்டைப்பெட்டியை நடு லேன்ல வெச்சு, வண்டியை நிறுத்தி லோ பீம்ல எவ்வளவு தூரம் வரைக்கும் பெட்டி தெரியுதுன்னு. எல்இடி இருந்தப்போ சுமாரா 25 மீட்டர். எல்லாம் முடிஞ்ச பிறகு 50 மீட்டருக்குக் கொஞ்சம் மேல.

ஒரு குறை மட்டும் தீரல. எச்4ல லோ பீமும் ஹை பீமும் ஒரே ஸ்க்ரூவுலதான் சேர்ந்து நகரும், லோவை கோட்டுல நிறுத்தினா ஹை எங்க விழுதோ அங்கதான் விழும். மாத்திப் போட்ட இடது டோம்ல ஹை பீமோட நடுப்புள்ளி வலதோடதைவிட ஒரு துளி தாழ்வா நிக்குது. அண்ணன் அதையும் சரி பண்ணச் சொல்லிக் கேட்டார், அதுக்காக லோவைத் தூக்கினா எதிர்ல வர்றவன் மறுபடி திட்டுவான்னு சொல்லி அப்படியே விட்டாச்சு.